கால் காய்ச்சும் அறை

கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாராவது கேட்டுவிடுவார்கள், "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று. ஆஸ்பத்திரியில் மை காய்ச்சுகிறேன் என்பேன். கண்மையா, பேனா மையா என்று அடுத்த கேள்வி வரும். தோல் அச்சடிக்கிற மை என்று சொல்லி, அதை எதில் காய்ச்சுகிறோம் என்பதையும் சொன்னால், கேட்டவர் என் பக்கத்து இலையில் உட்கார மாட்டார். பல வருடங்களாக எனக்குப் பந்தியில் தாராளமாக இடம் கிடைக்கிறது.

என் பெயர் ஃபிலோமினா. மதுரையில் ஒரு தீக்காய ஆஸ்பத்திரியின் மை அறைக்குப் பொறுப்பாளர். முனைவர் பட்டம், வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் உண்டு. அத்தனையும் படித்துவிட்டு நான் செய்வது, மனிதக் கால்களைக் காய்ச்சுவது.

வேறு எதிலும் காய்ச்ச முடியாமல்தான் இதற்கு வந்தோம். தோல் அச்சடிக்க ஜெலட்டின் வேண்டும். ஆட்டுக்கால் பாயாவை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டியாக நிற்குமே, அப்படி நிற்க வைப்பது ஜெலட்டின்தான். நோயாளியின் உயிரணுக்களை அதில் கலந்து, மெல்லிய ஊசி வழியாகக் கோடு கோடாக அச்சடித்து, ஒளி காட்டி இறுக்கினால் தோல் தயார். பன்றித் தோலில் காய்ச்சிய மை அருமையாக வந்தது. பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். மாட்டுத் தோலில் காய்ச்சினோம். மீதிப் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். மீன் தோலில் காய்ச்சினால் மதுரை வெயிலுக்கு ரசமாக ஓடியது. கடைசியில் யாரும் ஆட்சேபிக்க முடியாத பிராணி ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது.

அதற்கு இந்த ஊரில் பஞ்சமும் இல்லை. வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை. ஆறாத புண், கறுத்த விரல், அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள். எடுத்த காலை முன்பெல்லாம் பையில் போட்டு வீட்டுக்காரர்களிடம் கொடுப்பார்கள். அவர்கள் சுடுகாட்டில் ஒரு குழி தோண்டிப் புதைத்துவிட்டு வருவார்கள். அந்தக் காலை எங்களுக்குத் தரச் சொன்னோம். தந்தார்கள். மனிதனுக்கு மனிதத் தோல் என்றால் ஒரு பிரச்சினையும் வராது என்று நம்பினோம். படித்தவர்கள் இல்லையா, அப்படித்தான் நம்புவோம்.

சுகந்தி வந்தபோதுதான் அந்த நம்பிக்கை போனது. இருபத்தாறு வயதுப் பெண். சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டரின் பேட்டரி வெடித்துக் கழுத்து, மார்பு, இரண்டு கைகள் எல்லாம் போயிருந்தன. அப்பா ராஜாங்கம், கப்பலூரில் பட்டறை வைத்திருப்பவர். பால் பண்ணைகளுக்கு எவர்சில்வர் டேங்க் செய்து கொடுப்பது தொழில். தாயில்லாத ஒரே மகள். மை அறை வாசலில் நின்று என்னிடம் கேட்டார்.

"டாக்டரம்மா, அந்த மைய எதுல செய்றீங்க?"

"மனுசத் தோல்லதான். சர்க்கரையால கால் எடுத்தவங்க குடுக்கிறது. அழுகுன பக்கத்தத் தூக்கிப் போட்டுட்டு, நல்ல தோலையும் நாரையும் மட்டும் காய்ச்சுவோம். கிருமி ஒண்ணும் மிஞ்சாது. போகப்போக உங்க பொண்ணு ஒடம்பே அதக் கரைச்சுட்டு, அந்த எடத்துல சொந்தத் தோல வளத்துக்கும்."

தலையாட்டினார். என் தோளுக்கு மேலே உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார், "யாரு காலும்மா?"

"நெறையப் பேரோடது. மொத்தமாக் கலந்துதான் காய்ச்சுவோம்."

"அதான், யாரு யாரு?"

இந்த ஊரில் அந்தக் கேள்வி நேராக வராது. எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்குக் கும்பிடப் போவார்கள் என்று சுற்றிச் சுற்றி வரும். அவருக்குச் சுற்ற நேரமில்லை. பின்னால் அவருடைய பங்காளிகள் நாலைந்து பேர் வெள்ளை வேட்டியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் காசிலிங்கம்.

"பொம்பளப் புள்ளம்மா," என்றார் காசிலிங்கம். "நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்ல? எவன் காலோ மேல ஒட்டிக்கிட்டுக் கெடந்தா யாரு எடுப்பா?"

"ஒட்டலேன்னா புடிச்சுக் குடுக்கப் புள்ளையே இருக்காது," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

காசிலிங்கத்தின் முகம் சிவந்தது. அதற்குள் இளம்பரிதி குறுக்கே வந்துவிட்டான். குடும்பத்தாரிடம் பேசிச் சம்மதிக்க வைப்பது அவன் உத்தியோகம். "ஐயா, நான் பாத்துட்டுத்தான் வர்றேன். உங்க பொண்ணுக்கு எடுத்து வச்சிருக்கிறது உங்காளுங்க மைதான். தனியாக் காய்ச்சுனது."

ராஜாங்கம் அவனையே சற்று நேரம் பார்த்தார். மறுபடி ஒரு தடவை என் அறைக்குள் பார்த்தார். "அப்பச் சரி, ஆகட்டும்," என்றார்.

அவர்கள் போனதும் இளம்பரிதியைப் பிடித்து உலுக்கிவிட்டேன். இவன் தாத்தா காலத்திலிருந்தே சாதிப் பேச்சை எடுத்தால் சண்டைக்குப் போகிற குடும்பம்; அதனால்தான் இந்தத் தனித்தமிழ்ப் பெயரே. "வெக்கமா இல்ல உனக்கு? தனியாக் காய்ச்சுனதாம்ல!"

"மேடம், தோல் இல்லாம அந்தப் பொண்ணு இன்னும் எத்தன நாள் தாங்கும்?"

சொன்னேன்.

"அப்ப விடுங்க," என்றான்.

விட்டேன். அன்று மாலையே அச்சடித்தோம். மை பிடித்துக்கொண்டது. சில வாரங்களில் சுகந்தி கண்ணாடி கேட்டாள். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "புதுசா வாங்குன சட்ட மாதிரி இருக்கு மேடம், இன்னும் ஒடம்போட சேரல," என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. வயதாகிவிட்டது, எதற்கெடுத்தாலும் வருகிறது.

பொய்க்குக் கால் முளைத்து ஊருக்குள் நடக்க ஆரம்பித்தது. அடுத்து வந்த குடும்பம், "அவிங்களுக்கு மட்டும் தனியாக் குடுத்தீங்களாமே, எங்களுக்கு இல்லையா?" என்றது. அதற்கு அடுத்த குடும்பமும் அதையே கேட்டது. எங்கள் நிர்வாகி சந்தானகிருஷ்ணன் அதட்டிப் பேசத் தெரியாதவர். மெதுவாகப் பேசியே ஆளைக் கவிழ்ப்பார். "இதுல என்ன மேடம் இருக்கு? கேன்டீன்ல சைவம் கேட்டா சைவம் குடுக்குறோம், அசைவம் கேட்டா அசைவம். அது மாதிரி ஒரு வசதி, அவ்வளவுதான்," என்றார்.

அப்படி வந்தவைதான் மை பாட்டில்களுக்கு வண்ண மூடிகள். மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை, வெள்ளை. எந்த நிறம் யாருக்கு என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒரே வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

நான் என்ன செய்தேன்? ஒரே டேங்கில் காய்ச்சி, ஐந்து நிற மூடி போட்டேன். இளம்பரிதிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"தனித்தனியாவே காய்ச்சுனா என்ன மேடம் ஆகும்?" என்று அவன் ஒருநாள் கேட்டான்.

"சர்க்கரைக் காலுடா இது. சர்க்கரை ஊறி ஊறி நார் இறுகிப் போயிருக்கும். ஒருத்தர் காலு கல்லாட்டம் நின்னு ஊசிய அடைச்சுக்கும். இன்னொருத்தர் காலு கஞ்சித் தண்ணியா ஓடும். பத்துப் பேரக் கலந்தாத்தான் பதம் வரும். அது ஒண்ணு. இன்னொண்ணு, எல்லாத் தெருவுலயும் மாசா மாசம் காலு எடுக்கிறாங்களா? சின்னச் சனமா இருந்தா வருசத்துக்கு ஒண்ணு வந்தாப் பெரிசு. அவங்க வீட்டுல ஒருத்தருக்குத் தீப்பிடிச்சா என்ன செய்வ? எப்ப கால் வரும்னு காத்துக்கிட்டு இருப்பியா? தீக்காயம் காத்திருக்குமா?"

அது நடந்தே விட்டது. கோமதி என்று ஒரு பள்ளி வேன் டிரைவர், சமையல் அடுப்பு வெடித்து வந்தாள். நீல மூடிக்காரி. அவளுடைய ஆட்களிடமிருந்து பல மாதமாக ஒரு கால்கூட வந்திருக்கவில்லை. நான் பாட்டுக்குப் பொது டேங்கிலிருந்து பிடித்து நீல மூடியைத் திருகிக் கொடுத்தேன். பிழைத்துக்கொண்டாள். சந்தானகிருஷ்ணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீலத்துல காலே வரலையே மேடம். மை எங்கிருந்து வந்துச்சு?"

"பழைய மிச்சம் சார்."

"பழைய மிச்சம்," என்று அவரும் திருப்பிச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒங்க மேல எனக்குச் சந்தேகம் இல்ல மேடம். வெளிய யாருக்கும் வந்துறக் கூடாதுல்ல? அஞ்சு டேங்க் வச்சிருவோம். முன்னாடி கண்ணாடிச் சுவரு. யாரு வேணா வந்து நின்னு பாத்துக்கலாம். அந்தந்த நெறத்துக் காலு அந்தந்த டேங்குக்கு. இருந்தா உண்டு, இல்லேன்னா காத்திருக்கட்டும். எல்லாரும் ஒத்துக்கிட்ட முறைதானே?"

காத்திருக்கட்டும் என்றால் சாகட்டும் என்று அர்த்தம். அவருக்கும் அது தெரியும். அறைக்கு வந்து மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அலுத்துவிட்டது.

டேங்க் செய்யும் வேலை யாருக்குப் போனது என்று இளம்பரிதி சொன்னபோதுதான் நிமிர்ந்தேன். ராஜாங்கத்துக்கு. ஆஸ்பத்திரியில் பிழைத்த பெண்ணின் அப்பா, ராசியான ஆள் என்று சந்தானகிருஷ்ணனே கூப்பிட்டுக் கொடுத்தாராம்.

மறுநாள் காலை கப்பலூருக்குப் பஸ் ஏறினேன். பட்டறையில் ஒரே இரைச்சல். ராஜாங்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வலது பாதத்தில் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

"ஒக்காருங்க. காலுக்கு என்ன?"

"வெல்டிங் பொறி தெறிச்சுதும்மா. ஆற மாட்டேங்குது. சர்க்கரைதான்."

விரல் நுனி கட்டுக்கு வெளியே தெரிந்தது. அந்தக் கறுப்பை நான் தினமும் பார்க்கிறேன். அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை.

"ராஜாங்கம், ஒண்ணு சொல்லணும். ஒங்க மகளுக்குப் போட்ட மை..."

"கலந்த மை," என்றார்.

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"நான் டேங்கு செய்றவம்மா. அன்னைக்கு ஒங்க ரூமுக்குள்ள எட்டிப் பாத்தேன்ல? ஒரே ஒரு டேங்குதான் நின்னுச்சு. ஒத்த டேங்குல எப்படித் தனியாக் காய்ச்சுவீங்க?"

"தெரிஞ்சேவா சரின்னு சொன்னீங்க?"

"அந்தத் தம்பி பொய் சொன்னதாலதாம்மா நான் சரின்னு சொல்ல முடிஞ்சுது. நெசத்தச் சொல்லியிருந்தா, காசிலிங்கண்ணன் முன்னாடி நான் எப்படித் தலையாட்டுவேன்? என் புள்ள செத்துருக்கும்."

அடப்பாவி மனுசா என்று இருந்தது. இத்தனை மாதம் நாங்கள் இவரை ஏமாற்றிவிட்டோம் என்று நான் புழுங்கிக்கொண்டிருக்க, இவர் எங்களைப் பொய் சொல்ல விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்.

"அப்ப ஒரு உதவி செய்யுங்க. எங்க ஆஸ்பத்திரிக் கமிட்டியில வந்து இதச் சொல்லுங்க. 'என் மகளுக்குப் போட்டது கலந்த மை, நல்லாத்தான் இருக்கா'ன்னு ஒரே ஒரு வாக்கியம். அஞ்சு டேங்கு வேணாம்னு நிறுத்திரலாம். நிறுத்தலேன்னா மை இல்லாம ஆளு சாகும் ராஜாங்கம். பேச்சுக்காகச் சொல்லல, நெசமாவே சாகும்."

அவர் தரையைப் பார்த்தார். "அத மட்டும் கேக்காதீங்கம்மா. தை மாசம் சுகந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ள வீடு காசிலிங்கண்ணன் பாத்த எடம். நான் வாயத் தொறந்தா அவ தோல உரிச்சு வெளிய எறிஞ்ச மாதிரிதான்."

"ஒங்க மக பொதுச் சட்டியில பொழச்சா. இப்ப அந்தச் சட்டிய ஒடைக்கிற வேலைய நீங்களே எடுத்துச் செய்றீங்க."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் ஒரு தகட்டை எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க."

"வேணாம்," என்று வந்துவிட்டேன்.

அதற்கு அப்புறம் நான் எதற்கும் மல்லுக்கு நிற்கவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுத நினைத்தேன்; எழுதினால் அந்த இடத்துக்கு வருகிறவர் மூடியைக்கூட ஒழுங்காகப் பார்த்துத்தான் போடுவார் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். சில வாரங்கள் கழித்து எனக்கு ஒரு கால் வந்தது. பையில் தொங்கிய அட்டையில் ராஜாங்கம் என்று பெயர், மூலையில் மஞ்சள் பொட்டு. புதிய டேங்குகள் வரும்வரை இருக்கட்டும் என்று உறைபெட்டியில் வைத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. காலைப் பார்த்தபோது பாதி குறைந்துவிட்டது.

டேங்குகளைப் பொருத்தச் சக்கர நாற்காலியில் அவரே வந்தார். டாக்டர்கள் திட்டியும் கேட்கவில்லை. "நானே பாத்து வச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்," என்றாராம். நான் அந்தப் பக்கமே போகவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஐந்தும் பளபளவென்று வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அடிப்பாகம் முழுவதையும் ஒரே தகட்டால் மூடி, சுற்றிலும் பற்ற வைத்திருந்தார். "எலி பூந்துரக் கூடாதுன்னு," என்று சந்தானகிருஷ்ணனிடம் விளக்கம் சொன்னாராம். சுத்தமான வேலை என்று அவர் பாராட்டினாராம்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் நானும் இளம்பரிதியும் வெந்நீர் ஊற்றிச் சோதித்துப் பார்த்தோம். முதலில் மஞ்சள் டேங்க். இளம்பரிதி ஊற்றிக்கொண்டே இருந்தான், நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. இவ்வளவு ஊற்றியும் இத்தனூண்டு.

"மேடம்," என்றான் இளம்பரிதி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "நீலத்தப் பாருங்க."

நீல டேங்கின் குழாயில் தண்ணீர் நின்றது. சிவப்பிலும், பச்சையிலும், வெள்ளையிலும் நின்றது. ஐந்திலும் ஒரே உயரம். நான் குனிந்து அந்த அடித் தகட்டைத் தொட்டேன். மூலைக்கு மூலை வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு திருகாணிகூட இல்லை, திறந்து பார்க்க வழியே கிடையாது.

ராஜாங்கத்துக்கு ஃபோன் போட்டேன்.

"டேங்கு ஒழுகுது ராஜாங்கம்."

"ஒழுகாதும்மா. நான் செஞ்சது எதுவும் ஒழுகுனதில்ல. அது அப்படித்தான்."

"அன்னைக்கு டீ குடிக்காம வந்துட்டேன்," என்றேன்.

"அதுக்கென்ன, இன்னொரு நாளு வாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார், "ஏம்மா, என் கால எதுல போடப் போறீங்க?"

"மஞ்சள்ல."

"மஞ்சள்லயே போடுங்க. எங்காளுங்க கேப்பாங்க."

விழாவுக்கு நல்ல கூட்டம். ஒவ்வொரு குடும்பமும் தத்தம் நிற டேங்குக்கு நேராகப் போய் நின்றுகொண்டது. போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஐந்து டேங்கும் முக்கால் உயரத்துக்கு நிரம்பியிருந்தன. கால் வராத நீலமும்தான். கோமதி தன் வேனை வாசலில் நிறுத்திவிட்டு ஓரமாக வந்து பார்த்தாள். சுகந்தி கழுத்து தெரிகிற மாதிரிச் சேலை கட்டி, அப்பாவின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் காசிலிங்கம், மஞ்சள் டேங்கை ஏதோ தன் வீட்டுக் காளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத பாட்டில் மஞ்சள்லயிருந்து புடிங்க மேடம்," என்றார் சந்தானகிருஷ்ணன்.

வேறு வழியில்லை. மை பிடிக்கும் திருகு குழாயைத் திறந்தேன். மை இளம்பொன்னாக இறங்கியது. மஞ்சள் டேங்கின் மட்டம் ஒரு விரல்கடை இறங்கியது. நீலம், சிவப்பு, பச்சை, வெள்ளை எல்லாமும் கூடவே ஒரு விரல்கடை இறங்கின. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு நின்றது. சந்தானகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். காசிலிங்கம் மஞ்சள் குழாயைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். சுகந்தியின் கழுத்தைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிடவில்லை. அவரையே பார்த்தபடி நின்றாள். பிறகு அவர் ராஜாங்கத்தைப் பார்த்தார். ராஜாங்கம் குனிந்து, இல்லாத காலின் மேல் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"வேலை ரொம்பச் சுத்தமா இருக்குடா தம்பி," என்றார் காசிலிங்கம்.

"ஆமாண்ணே," என்றார் ராஜாங்கம்.

கூட்டம் மறுபடி பேசத் தொடங்கியது. யாரோ கேசரித் தட்டைக் கொண்டுவந்தார்கள். நான் பாட்டிலுக்கு மஞ்சள் மூடியைப் போட்டுத் திருகினேன்.

இப்போதும் தினமும் பத்துப் பேராவது அந்தக் கண்ணாடிச் சுவர் முன்னால் வந்து நிற்கிறார்கள். ஒன்றில் பிடித்தால் ஐந்திலும் இறங்குவதைப் பார்க்கிறார்கள். ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நான் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.